தொப்பி நின்ற இடம்

எல்லைப் பகுதி
14.6.2025

மதிப்பிற்குரிய அப்பா, அம்மா, தம்பி பகலவன் மூவருக்கும்,

இந்த நேரத்தில் உங்களிடம் நலமா என்று கேட்பது சரியில்லை. கேட்காமல் கடிதத்தைத் தொடங்கவும் எனக்குத் தெரியவில்லை. வேளைக்குக் கொஞ்சமாவது சாப்பிடுங்கள்.

என் பெயர் சுடலை. சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். உங்கள் ஹேமந்தும் நானும் ஒரே பட்டாளத்தில் இருந்தோம். நான் லாரி ஓட்டுகிறவன், அவன் அதைப் பழுதுபார்க்கிறவன். அவன் மெட்ராஸ் பாஷையில் என்னைத் திட்டுவான், நான் எங்கள் ஊர் பாஷையில் திருப்பித் திட்டுவேன். மற்றவர்களுக்கு இரண்டுமே விளங்காது. அவ்வளவு சிரிக்கிற ஒருவனை நான் பட்டாளத்தில் பார்த்ததில்லை.

அவன் எப்படிப் போனான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். போன மாதம் குண்டு விழத் தொடங்கிய அன்று பிற்பகல், அவனை ஜெனரேட்டர் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். அது நின்றால் வயர்லெஸ் நின்றுவிடும், மலை மேல் காவலில் இருக்கிறவர்களோடு பேச்சே இருக்காது. கடைசிவரை அவன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. "லைன வுட்டு நகராதடான்னு எங்கம்மா சொல்லிக்கீது" என்று எங்களிடம் அடிக்கடி சொல்வான். அம்மா, உங்கள் சொல்லை அவன் காப்பாற்றினான். உங்களைப் போன்ற தாய் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

நேரில் வர இப்போது எனக்கு வழியில்லை. என்னையும் உங்கள் பிள்ளையாக நினைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கத்துடன்,
சுடலை


மண்ணூர்
2.7.2025

அன்புள்ள சுடலை அண்ணனுக்குப் பகலவன் எழுதுவது.

நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்களாவது அங்கே பத்திரமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த அன்று வீடு நிறைய ஆட்கள். அப்பா அதை என்னிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். எங்கள் அப்பா நாகப்பனைப் பற்றி அண்ணன் சொல்லியிருப்பான். ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்ட் வேன் ஓட்டுகிறவர், ஹாரனைத் தவிர வேறு சத்தம் போடாதவர். அன்றைக்கு வாய்விட்டு அழுதார். எங்கள் ஊர் இளைஞர் மன்றத் தலைவர் எழிலரசன் உங்கள் கடிதத்தை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். மறுநாளே பஸ் நிற்கிற இடத்தில் பெரிய பிளெக்ஸ். அண்ணன் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவில் "லைனை விட்டு நகராதே மகனே! – வீரத்தாய் கங்கம்மாள்". அம்மாவின் ஆதார் கார்டு படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள். அதில் அவள் வீரத்தாய் மாதிரி இல்லை, வரிசையில் நின்று அலுத்துப்போனவள் மாதிரி இருக்கிறாள். அண்ணன் பார்த்திருந்தால் ஒரு வாரம் கிண்டல் செய்திருப்பான்.

அம்மா மட்டும் அழவில்லை. நான் படித்து முடித்ததும், "அந்த வரிய இன்னொரு வாட்டி படி" என்றாள். படித்தேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். அவளுக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அதற்கும் போவதில்லை. துக்கம்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு என்னவோ வேறு மாதிரி தெரிகிறது.

உங்கள் போன் நம்பரை எழுதுங்கள். உங்களோடு பேசினால் அம்மாவுக்குக் கொஞ்சம் தேவலையாகும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
பகலவன்


எல்லைப் பகுதி
25.7.2025

அன்புத் தம்பி பகலவனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், என்னைப் பற்றிக் கவலை வேண்டாம்.

போன் இங்கே சரிப்படாது. தாமதமானாலும் கடிதமே எழுது, கட்டாயம் வந்து சேரும்.

அம்மா எந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னார்கள் என்று நீ எழுதவில்லையே. அவர்களை வேலைக்குப் போகச் சொல். நாலு பேர் முகம் பார்த்தால் மனசு ஆறும்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்.
சுடலை


மண்ணூர்
20.8.2025

அன்புள்ள சுடலை அண்ணனுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். எந்த வரி என்று கேட்டிருந்தீர்கள். லைனை விட்டு நகராதே என்கிற அந்த வரிதான். அது ஏன் அந்த வரி என்று எனக்கே இப்போதுதான் தெரிந்தது.

சுதந்திர தினத்துக்குக் கொடியேற்ற அம்மாவைப் பள்ளிக்கூடத்தில் அழைத்திருந்தார்கள். ஏற்றினாள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அப்படியே நின்றாள், வாயே திறக்கவில்லை. தாயின் மௌனமே பேச்சு என்று தலைமையாசிரியர் சமாளித்தார், பிள்ளைகள் கை தட்டினார்கள். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் என் காதோடு கேட்டாள். "அங்க லைன்னா இன்னாடா?"

எல்லைக்கோடு என்று சொன்னேன். அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாம் என்றேன். "அப்ப அங்க பெல்ட்டு ஓடாதா?" என்று கேட்டாள்.

அண்ணா, உங்களுக்குப் புரிய வேண்டுமானால் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்டாளத்துக்கு வருமுன் அண்ணன் அம்மா வேலை பார்த்த அதே கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாக லைனில் நின்றான். பூட்ட வேண்டிய சாமான்களோடு பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும், மாற்று ஆள் வராமல் யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது. ஒருநாள் பக்கத்தில் நின்ற பெண் மயங்கி விழுந்தாள். யாரும் அசையவில்லை. இவன் லைனை விட்டுப் போய் அவளைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினான். மறுநாள் இவனுக்கு வேலை இல்லை. அதன் பிறகுதான் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் போனான். உங்கள் பக்கம் வந்து சேர்ந்ததும் போனில், "இங்கயும் லைன்லதாம்மா போட்டுக்கீறாங்க" என்றானாம். அவன் விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான். அம்மா நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். ராணுவத்து வண்டிகளைக் கட்டுகிற லைன், தலைக்கு மேல் ஃபேன், தரையில் மஞ்சள் கோடு, ஒரு சூப்பர்வைசர். ஒவ்வொரு போனிலும், "அந்த வாட்டி மாதிரி லைன வுட்டு நகராதடா" என்று வேலை போய்விடக் கூடாதே என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

இப்போது அவள் மனசில் ஒன்றே ஒன்றுதான் ஓடுகிறது. நகராதே என்று நான் சொன்னேன், அவன் நகரவில்லை, நான்தான் கொன்றேன். ஊரோ அதே வார்த்தைக்கு அவளுக்கு மாலை போடுகிறது.

ஒரு பொய் எழுதுங்கள் அண்ணா. அவன் அப்படி எதுவும் சொன்னதில்லை, யாரோ சொன்னதைக் கேட்டு எழுதிவிட்டேன் என்று நாலு வரி. அம்மா பெயருக்கே எழுதுங்கள். உங்களுக்கு நான் ஆயுளுக்கும் கடமைப்பட்டிருப்பேன்.

பகலவன்


எல்லைப் பகுதி
18.9.2025

தம்பி பகலவனுக்கு,

அனைவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லது என்று நினைத்து எழுதியது இப்படி ஆகும் என்று தெரியாமல் போயிற்று.

ஆனால் நீ கேட்டதை நான் எழுத மாட்டேன். அவன் அந்த வார்த்தையைச் சொன்னான், பல தடவை சொன்னான். சொல்லவில்லை என்று எழுத என்னால் முடியாது. அவன் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டான், அதைச் செய்துவிட்டேன். அவன் பேரில் இனி எதையும் மாற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

அம்மாவைச் சாப்பிட வை. வற்புறுத்தியாவது வை.

சுடலை


மண்ணூர்
1.11.2025

சுடலை அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. முறைக்கு விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் உங்களிடம் என்ன கேட்டுக்கொண்டான்? பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்குவது என்ன பழக்கம்? அவன் என் கூடப் பிறந்தவன். உங்களுக்கு மட்டும் தெரிந்தது எங்களுக்குத் தெரியக் கூடாதா?

எழிலரசன் இப்போது நினைவுக்கல் வைக்கிறார். பஸ் நிற்கிற இடத்தில், ஆளுயரக் கருங்கல். அண்ணன் பெயருக்குக் கீழே அம்மாவின் அந்த வரி. முதல் வருஷ நினைவுநாளில் அம்மாதான் திறக்க வேண்டுமாம். அப்பா சரி என்றுவிட்டார். நான் வேண்டாம் என்றேன். அவருக்கும் எனக்கும் பெரிய சண்டை. "புள்ள போனான், பேராவது நிக்கட்டும்டா" என்கிறார். அவர் சொல்வதும் தப்பில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

அம்மா காலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருகிறாள். சாயங்காலம் வரை அங்கேயே. எழுந்திரும்மா என்றால், "நகராதன்னு சொன்னவ நானு" என்கிறாள்.

பதில் போடுங்கள்.
பகலவன்


மண்ணூர்
14.12.2025

சுடலை அண்ணனுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கோபமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். உங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

இங்கே நல்ல மழை. செம்பரம்பாக்கம் பக்கம் எல்லா ஏரியும் நிரம்பி, வடியப் போக்கில்லாமல் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியது. எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். அக்கம்பக்கம் முழுக்கக் கிளம்பிவிட்டது. அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. தண்ணீர் வீட்டுக்குள் வந்து அவள் முழங்காலைத் தொட்டது. நான் கையைப் பிடித்து இழுத்தேன், அப்பா கெஞ்சினார். "நான் நகர மாட்டேன், நீங்க போங்க" என்று நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் அப்பாவும் நானும் நாற்காலியோடு அவளைத் தூக்கிக்கொண்டு போனோம். பார்த்தவர்கள் வீரத்தாய் வருகிறார் என்று வழி விட்டார்கள். எனக்கு அவர்களை அடிக்கலாம் போல இருந்தது.

இவள் சாகத் துணிந்துவிட்டாள் அண்ணா. அடுத்த மழைக்கு நாங்கள் வீட்டில் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

இன்னொன்று. உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன். மேலே எல்லைப் பகுதி என்று எழுதுகிறீர்கள். கவரில் விழுந்திருக்கிற முத்திரை டெல்லி. மூன்றிலும் டெல்லி. நீங்கள் உண்மையில் எங்கே இருக்கிறீர்கள்?

பகலவன்


ராணுவ மருத்துவமனை
20.2.2026

அன்புத் தம்பி பகலவனுக்கு,

அம்மா நாற்காலியை விட்டு எழுந்தார்களா என்றுதான் முதலில் கேட்கிறேன். தண்ணீர் வந்த விஷயத்தைப் படித்ததிலிருந்து எனக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை. பலமுறை எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டேன்.

முத்திரையைப் பார்த்துவிட்டாய். ஆமாம், முதல் கடிதத்திலிருந்தே நான் மருத்துவமனையில்தான் இருக்கிறேன். இடது காலில் அறுவை சிகிச்சை. காதில் ஓயாத இரைச்சல், போனில் ஒரு சொல் பிடிபடாது. எப்படி அடிபட்டது என்று நீங்கள் கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். அதனால்தான் மறைத்தேன்.

அன்று பிற்பகல் என் லாரி மலை வளைவில் நின்றுபோயிற்று. முதல் குண்டு பக்கத்தில் விழுந்து கேபின் நசுங்கியது, என் கால் உள்ளே மாட்டிக்கொண்டது. ஜெனரேட்டர் இருந்த இடம் கூப்பிடு தூரம்தான். ஹேமந்த் வந்தான். யாரும் அவனை அனுப்பவில்லை. இடத்தை விட்டு அசையக் கூடாது என்றுதான் அவனுக்கு உத்தரவு. ஜாக்கி கம்பியால் கதவை நெம்பி என்னை வெளியே இழுத்தான். பார்த்தால் வெறுந்தலை. "ஏல, தொப்பிய எங்கல?" என்று கத்தினேன். "அது லைன்ல நிக்குது" என்று சிரித்தான். என்னை முதுகில் போட்டுக்கொண்டு ஓடும்போது மூச்சு வாங்க வாங்க இன்னொன்றும் சொன்னான்.

"எங்கம்மா கேட்டா நான் லைன்லதான் கீறேன்னு சொல்லிடு, இன்னா?"

ஜெனரேட்டர் பக்கத்துக் குழிக்குள் என்னைத் தள்ளினான். அவன் இறங்குமுன் அடுத்த குண்டு விழுந்தது. தலையில் பட்டது.

எங்களை எடுக்க வந்தவர்கள் அவனை ஜெனரேட்டர் அருகில் பார்த்தார்கள். அவன் இரும்புத் தொப்பி ஜெனரேட்டர் மேல் நிமிர்ந்து இருந்தது. நான் தவழ்ந்து வந்து சேர்ந்தேன், அவன் இடத்தை விட்டு நகரவே இல்லை என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். எனக்கு நினைவு வந்தபோது நான் அதை மறுக்கவில்லை. உத்தரவில்லாமல் இடத்தை விட்டுப் போனவன் என்று அவனை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தேன். அம்மா கேட்டால் லைனில் இருப்பதாகச் சொல்லச் சொன்னான், அதைத்தான் உங்களுக்கு எழுதினேன். அந்த ஒரு சொல் அம்மாவை இப்படிக் கட்டிப்போடும் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எனக்கு இன்றுவரை விளங்காதது ஒன்றுதான். அவ்வளவு குண்டுக்கு நடுவில் அந்தத் தொப்பியை ஏன் கழற்றி வைத்துவிட்டு வந்தான்? கேட்க ஆளில்லை.

போன வாரம் என் மேலதிகாரியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர், ஜெனரேட்டரும் நிற்கவில்லை, நீயும் பிழைத்தாய், இதில் அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது என்றார். ஆகவே நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். கால் தேறிவருகிறது. ஜூனில் மறுபடி பட்டாளத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள்.

அவனால் இருக்கிறவன்,
சுடலை


மண்ணூர்
12.3.2026

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கால் முழுசாகக் குணமாக வேண்டும் என்று மனதார வேண்டுகிறேன். இத்தனை நாள் உங்களைத் திட்டிக்கொண்டிருந்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இருந்தாலும் நேராகக் கேட்டுவிடுகிறேன். இது உண்மைதானா?

ஆகஸ்டில் நான் உங்களிடம் ஒரு பொய் கேட்டேன். கம்பெனியில் அவன் லைனை விட்டு ஓடிய கதையையும் நான்தான் எழுதினேன். இப்போது அதே கதை, மயங்கி விழுந்த பெண்ணுக்குப் பதில் நீங்கள். நான் கேட்டதைவிட நல்ல பொய்யாக இருக்கிறது அண்ணா. நம்ப வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. அதனாலேயே நம்பப் பயமாக இருக்கிறது.

கடிதத்தை அம்மாவிடம் இன்னும் கொடுக்கவில்லை. அவள் லேசில் ஏமாறுகிறவள் இல்லை. தேற்றுவதற்காக எழுதியது என்று அவளுக்குத் தட்டினால் அதோடு முடிந்தது, பிறகு யார் சொல்வதையும் கேட்க மாட்டாள். கல்லில் அந்த வரியை வெட்டியாகிவிட்டது. திறப்பு மே மாதம். அவளை அந்தக் கல்லுக்கு முன்னால் நிறுத்தினால் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை.

சத்தியமாக ஒரு வரி எழுதுங்கள்.
பகலவன்


மண்ணூர்
17.5.2026

சுடலைக்கு அம்மா எழுதுவது.

கால் ஊன்றி நடக்கிறாயா? காதில் இரைச்சல் குறைந்ததா? இங்கே நான் சாப்பிடுகிறேன். எட்டாவது வரை படித்தவள், எழுத்தில் தப்பு இருந்தால் கண்டுகொள்ளாதே.

உன் கடிதத்தைப் பகலவன் ரொம்ப நாள் ஒளித்து வைத்திருந்தான். நினைவுநாளுக்கு முந்தின நாள் கொண்டுவந்து மடியில் போட்டு, பொய்யா நிஜமா என்று நீயே பார்த்துக்கொள் என்றான். நீ அவனுக்குச் சத்தியமெல்லாம் எழுத வேண்டாம். நிஜம் என்று எனக்குத் தெரியும். தொப்பியை ஏன் கழற்றினான் என்று கேட்டிருக்கிறாயே, அதில்தான் தெரிந்தது.

எங்கள் கம்பெனியில் ஒண்ணுக்குப் போகக்கூட மாற்று ஆள் வர வேண்டும். வராவிட்டால் பையன்கள் நீலத் தொப்பியைக் கழற்றித் தன் மெஷின் மேல் வைத்துவிட்டு ஓடுவார்கள். மேலே கண்ணாடி ரூமில் இருக்கிற சூப்பர்வைசர் கண்ணுக்குத் தொப்பி தெரியும், ஆள் நிற்கிறான் என்று நினைத்துக்கொள்வான். எங்கே அவன் என்று யாராவது கேட்டால், தொப்பி லைனில் நிற்கிறது என்பார்கள். இதோ வந்துவிடுவான் என்று அர்த்தம். அந்தப் பெண் விழுந்த அன்றும் ஹேமந்த் தொப்பியை வைத்துவிட்டுத்தான் ஓடினான். தரை துடைத்துக்கொண்டிருந்த நான்தான் அதை எடுத்து வைத்தேன். பகலவன் குடோனில் வேலை பார்க்கிறவன், அவனுக்கு இது தெரியாது. உனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? தெரியாத ஒன்றை இட்டுக்கட்டி எழுத முடியாதே.

என் பிள்ளை நான் சொன்னதைக் கேட்கவில்லை. இத்தனை மாசத்தில் அன்றைக்குத்தான் நான் அழுதேன். ஆனால் அந்தத் தொப்பியை நினைத்தால் வயிறு எரிகிறது. கம்பெனியில் கற்றுக்கொண்ட புத்தியை அங்கேயும் கொண்டுபோயிருக்கிறான். அது தலையில் இருந்திருந்தால் என்று நினைக்காத நேரம் இல்லை. அது தீராது, நான் பார்த்துக்கொள்கிறேன்.

கல் திறக்கப் போனேன். துணியை விலக்கினேன். மைக்கைக் கொடுத்தார்கள். பேசினேன். "நான் சொன்னது கம்பெனி லைனு. இவன் எந்த லைன்லயும் நின்னவன் இல்ல. பக்கத்துல ஒருத்தர் வுழுந்தா ஓடுவான். அங்கயும் ஓடினான். அந்தப் புள்ள உயிரோட கீது" என்றேன். யாரும் கை தட்டவில்லை. எழிலரசன் தலை குனிந்துகொண்டான். அன்று சாயங்காலம் பகலவனின் அப்பா யாரிடமும் சொல்லாமல் சிமெண்டும் கரண்டியும் எடுத்துக்கொண்டு போய் அந்த வரியை அடைத்துவிட்டு வந்தார். இப்போது கல்லில் அவன் பெயர் மட்டும் இருக்கிறது.

நாளையிலிருந்து நான் வேலைக்குப் போகிறேன். லீவு கிடைத்தால் மண்ணூருக்கு வா, உனக்கு ஒரு வேளை சோறு போட வேண்டும்.

ஜூனில் நீ மறுபடி போகிறாய். நகராதே என்று நான் இனிமேல் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன். யாராவது விழுந்தால் நீயும் ஓடத்தான் செய்வாய். ஓடு. தொப்பியை வைத்துவிட்டு ஓடாதே சுடலை, போட்டுக்கொண்டு ஓடு.

அம்மா
கங்கம்மாள்